நாலுக்கு ஒன்று

டொராண்டோவில் கார்ல்டன் தெரு 60-ஆம் எண் கட்டிடத்துக்குள் நுழைந்தால் கீரை வாங்கலாம், மீன் வாங்கலாம், சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் பாலாடைக்கட்டிகளின் முன்னால் நின்று விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். லாப்லாஸ் என்ற அங்காடி அது. உள்ளே, அலமாரி வரிசைகளுக்கு நடுவே, தரையில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. முன்பு அங்கே பனித்தளம் இருந்தது. அதன் நட்டநடு அந்தப் பொட்டு. தெரிந்தவர்கள் அதை மிதிக்காமல் தள்ளுவண்டியை வளைத்து ஓட்டிப் போவார்கள் என்று என் நண்பர் சொன்னார். நான் கால்மணி நேரம் நின்று பார்த்தேன். எல்லோரும் மிதித்துக்கொண்டுதான் போனார்கள். நண்பர் மட்டும் சுற்றிக்கொண்டு வந்தார்.

மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்பது அந்தக் கட்டிடத்தின் பழைய பெயர். 1931 நவம்பர் 12 அன்று திறந்தார்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். கையில் காசு போதாமல், தொழிலாளிகளின் கூலியில் ஒரு பகுதியைப் பங்குப் பத்திரமாகக் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் கட்டி முடித்துவிட்டார் கான் ஸ்மைத். 1927-இல் ஊரின் பனி ஹாக்கி அணிக்கு டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1999 பிப்ரவரி வரை அணி அங்கே ஆடியது. பிறகு யூனியன் ரயில் நிலையத்தை ஒட்டிய புது அரங்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

கீழே அங்காடி, மேலே பல்கலைக்கழகத்தின் பனித்தளம் என்று இப்போது அந்தக் கட்டிடத்தைப் பிரித்திருக்கிறார்கள். மேல்தளத்தில் பனியைச் சமன்செய்யும் ஜாம்போனி வண்டியை ஓட்டி வந்த டேவிட் ஏர்ஸ் என்பவர் 2020 பிப்ரவரி 22 அன்று ஒரு காரியம் செய்தார். கரோலினா அணி டொராண்டோவுக்கு ஆட வந்திருந்தது. அவர்களுடைய கோல்கீப்பர்கள் இரண்டு பேரும் ஒருவர்பின் ஒருவராகக் காயம்பட்டார்கள். அப்படி நேர்ந்தால் எந்த அணிக்கும் உதவட்டும் என்று அரங்கில் உள்ளூர்க்காரர் ஒருவரைத் தயாராக வைத்திருப்பது அப்போதைய விதி. அன்று அந்த ஆள் ஏர்ஸ். வயது 42, தாயின் சிறுநீரகத்தை வாங்கி உயிர் பிழைத்தவர். முதல் இரண்டு அடிகளையும் கோட்டைவிட்டார். அடுத்து வந்த எட்டையும் பிடித்தார். கரோலினா 6-3 என்று ஜெயித்தது. லீஃப்ஸை லீஃப்ஸின் பழைய வீட்டு வண்டிக்காரரே தோற்கடித்தார் என்று டொராண்டோக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அன்றைக்குத் தடுப்பாட்டம் எப்படி இருந்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இந்த ஊரில் யாரும் இன்றைய ஆட்டத்தை இன்றைய ஆட்டமாக மட்டும் பார்ப்பதில்லை. ஆட்டம் ஒருமுறை கைநழுவிப் போனால் இருபது வருடத்துக் கணக்கு வெளியே வருகிறது. அணி பதின்மூன்று முறை ஸ்டான்லி கோப்பையை வென்றிருக்கிறது. கடைசி முறை 1967-இல். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். இத்தனை காலம் தோற்றும் ரசிகர்கள் குறையவில்லை, பேச்சு மட்டும் கூர்மையாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதை முழுசாக நான் கேட்டது 2013 மே 13, திங்கட்கிழமை இரவு.

ஸ்கார்பரோவில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் கனடா வந்து, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவுவேலை பார்த்தவர். உணவு இடைவேளையில் வானொலியில் ஹாக்கி வர்ணனை ஓடுமாம். ஆங்கிலம் பிடிபடுவதற்கு முன்னால் வீரர்களின் பெயர்கள் பிடிபட்டன என்பார். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தகப்பனுக்கு வரலாறு தெரியும், மகளுக்கு ஆட்டம் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் சோபாவில் உட்கார்ந்துதான் நான் ஹாக்கி கற்றுக்கொண்டேன்.

பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். பக்கத்துக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. பந்துக்குப் பதிலாக ஓர் அங்குலக் கனத்தில் கெட்டி ரப்பர் வில்லை. அதுதான் பக். துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக அதை முன்கூட்டியே உறைய வைக்கிறார்கள். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஒருவர் முழுவேகத்தில் முக்கால் நிமிடம்போல ஆடிவிட்டு, தடுப்பைத் தாண்டிப் பெஞ்சுக்குப் போக, இன்னொருவர் குதிப்பார். இதற்காக ஆட்டம் நிற்பதில்லை. தோற்கிற அணி கடைசி நிமிடங்களில் தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாக ஆறாவது ஆளைத் தாக்குதலுக்கு இறக்கலாம். கோல் வாய் திறந்து கிடக்கும்; பெரும்பாலும் எதிரணி அதில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடும். எப்போதாவது பலிக்கும். இந்தக் கடைசி விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறு. கதவடைப்பில் பாதிப் பருவம் போய், அணிக்கு 48 ஆட்டமாகச் சுருங்கியது. அதில் லீஃப்ஸ் ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக வெளியேற்றச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. எதிரி பாஸ்டன் புரூயின்ஸ். ஏழில் நான்கு வெல்ல வேண்டும். முதல் நான்கு ஆட்டத்தில் மூன்றைப் பாஸ்டன் எடுத்தது. கதை முடிந்தது என்று எல்லோரும் கடையைக் கட்டியபோது லீஃப்ஸ் அடுத்த இரண்டையும் 2-1, 2-1 என்று பிடித்துத் தொடரைச் சமன்செய்தது. ஏழாவது ஆட்டம் பாஸ்டனில்.

சாப்பாட்டு மேசையிலேயே தகராறு தொடங்கிவிட்டது.

"அண்ணை, அந்தப் பக்கம் கோலுக்குள்ள நிக்கிறானே ராஸ்க், அவன் எங்கட பிள்ளை தெரியுமோ?" என்றார் நண்பர்.

டூக்கா ராஸ்க் ஃபின்லாந்துக்காரர் என்று நான் படித்திருந்தேன். சொன்னேன்.

"ஃபின்லாந்துதான். ஆனா 2005-இல அவனைத் தெரிஞ்செடுத்தது ஆர்? நாங்கள். அடுத்த வருசமே பாஸ்டனுக்குத் தூக்கிக் குடுத்திட்டாங்கள். பதிலுக்கு வாங்கினது ரேக்ராஃப்ட்டை. ரெண்டு வருசம் நிண்டான், போயிட்டான்."

"அப்பா கெஸலை மறந்திட்டார்," என்றாள் மகள், சம்பலைப் பரிமாறிக்கொண்டே. பில் கெஸல் 2009-இல் பாஸ்டனிலிருந்து டொராண்டோ வந்தவர். அவருக்காக லீஃப்ஸ், இளம் வீரர்களை எடுக்கும் இரண்டு முதல்சுற்றுத் தேர்வு உரிமைகளையும் ஓர் இரண்டாம்சுற்று உரிமையையும் கொடுத்தது. அந்த முதல்சுற்று உரிமைகளில் பாஸ்டன் எடுத்தவர்கள் டைலர் செகினும் டூகி ஹாமில்டனும். கெஸல் பக்கைத் தொடும்போதெல்லாம் பாஸ்டன் ரசிகர்கள் "நன்றி கெஸல்" என்று ராகம் போட்டுப் பாடுவார்கள். அவமானம் பண்ணுவதற்கு நன்றி சொல்வதைவிட நல்ல வழி கிடையாது.

"இந்த முறை விடாங்கள் எண்டு நினைக்கிறன்," என்றார் நண்பர் கை கழுவும்போது.

"கதைக்காதேங்கோ அப்பா. நாவூறு படப்போகுது."

கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினோம். பெட்டியில் பாதிப் பேர் நீலச் சட்டை. முன்பின் தெரியாதவர்கள் ஒரே வீட்டு ஆட்கள்போலப் பேச ஆரம்பித்தார்கள். ஆறாவது ஆட்டம் முடிந்த இரவு பாஸ்டன் அணியின் விமானம் கோளாறாகி, அவர்கள் டொராண்டோவிலேயே தங்கிவிட்டு அன்றுதான் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். "தூக்கம் கெட்டிருக்கும், கால் கனக்கும்" என்று ஒருவர் சொன்னதை நாலு நிலையம் தாண்டி நாங்கள் இறங்கும்வரை மருத்துவ அறிக்கைபோல விவாதித்தார்கள். டர்பன் கட்டிய ஓர் இளைஞர் தன் தாத்தா வீட்டில் பஞ்சாபி வர்ணனையில் பார்ப்பார் என்று சொன்னார். கனடாவின் சனிக்கிழமை ஹாக்கி ஒளிபரப்பு 2008 முதல் பஞ்சாபியிலும் வருகிறது. நண்பர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பெரிய புகார் இருந்தது.

ஆட்டம் பாஸ்டனில் என்றாலும் டொராண்டோ அரங்கின் மேற்குப் பக்கத்துச் சதுக்கத்தில் ராட்சதத் திரை. பல்லாயிரம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மே மாதம் என்று பெயர்தான், ஏரியிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. இன்றைக்கு அங்கே போனால் பழைய வீரர்களின் வெண்கலச் சிலைகள் ஒரு பெஞ்சைச் சுற்றி நிற்பதைப் பார்க்கலாம். அவர்களில் ஒருவர் டிம் ஹார்டன், கனடா முழுக்கத் தெருவுக்குத் தெரு இருக்கும் காப்பி, டோநட் கடைக்காரர் அவர்தான். ஆட்டத்தில் இருக்கும்போதே 1964-இல் முதல் கடையைத் திறந்தார். 2013-இல் சிலைகள் வந்திருக்கவில்லை, அந்தக் கடைக் காப்பிக் கோப்பைகள் மட்டும் கையில் கையாக இருந்தன.

தொடங்கிய ஆறு நிமிடத்துக்குள் பாஸ்டன் கோல். அடித்தவர் மாட் பார்ட்கவ்ஸ்கி. காயம்பட்டவர்களுக்குப் பதிலாக ஆட வந்த தடுப்பாட்டக்காரர்.

"ஆரடா இவன்?" என்று என் பின்னால் தமிழில் ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் நம்மவர்கள் ஒரு பத்துப் பேர்.

பின்தங்கியிருக்கும்போது ரசிகர்கள் ஆளைப் பிடித்துத் திட்டுகிறார்கள். அவன் ஏன் விட்டான், இவன் எங்கே பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு தவற்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சம்பளத் தொகை. எவனுக்கு எத்தனை மில்லியன், இன்னும் எத்தனை வருடம் ஒப்பந்தம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அணிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் தவறான ஒருவனுக்குக் கொடுத்த பணம் சரியான இன்னொருவனிடமிருந்து பிடுங்கிய பணம். ஆகவே அது வெறும் வம்பு இல்லை, வரவு செலவு.

கோடி ஃபிரான்சன் சமன்செய்தார். இரண்டாம் பகுதியில் அவரே இன்னொன்று. 2-1. உடனே பேச்சின் தரம் ஏறியது. பெயர்கள் போய் இடங்கள் வந்தன. பாஸ்டன் பக்கம் டெனிஸ் சைடன்பெர்க் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் காயம்பட்டு உள்ளே போயிருந்தார். ஏற்கெனவே ஆள் குறைவு, இப்போது இன்னொருவர் குறைவு. "பக்கை மூலைக்கு அடி, மிச்ச ஐந்து பேரையும் ஓடவிடு, மூன்றாம் பகுதியில் மூச்சு வாங்குவார்கள்" என்று ஜமைக்கா உச்சரிப்பில் ஒரு பெண்மணி விளக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் நீலக் கம்பளித் தொப்பி, தோளில் மருத்துவமனைப் பணியாளர் பை. சொன்னது போலவே திரையில் நடந்தது. நான் அவரை வியந்து பார்த்தபோது, "ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்கிறேன், பயிற்சியாளர்தான் கேட்பதில்லை" என்றார்.

நண்பரின் மகள் பக்கைப் பார்ப்பதே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவள் கண் பெஞ்சுப் பக்கம். எந்த மூவரை எந்த மூவருக்கு எதிராக இறக்குகிறார்கள் என்று பார்க்கிறாள். "பெர்ஜெரான் வந்தா எங்கட ஆக்கள் மாறோணும் மாமா. பாருங்கோ, மாறினம்... இல்லை, பிந்திட்டினம்." பட்ரீஸ் பெர்ஜெரான் என்ற பெயரை அவள் அன்று சொன்ன அளவுக்கு வேறு யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அன்றைய ஆட்டத்தில் அதுவரை அவர் கோல் எதுவும் அடித்திருக்கவில்லை.

மூன்றாம் பகுதி தொடங்கி இரண்டு நிமிடம். கெஸல். 3-1. பாஸ்டனில் நன்றி சொல்ல ஆளில்லை. இன்னும் மூன்று நிமிடம் கழித்து, கெஸல் அடித்துத் திரும்பிவந்த பக்கை நசீம் காட்ரி உள்ளே தள்ளினார். 4-1.

சதுக்கம் கொந்தளித்தது என்று எழுதினால் போதாது. அந்தச் செவிலியம்மா என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு, யார் என்று பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டிப் பிடித்தார்.

அதன்பிறகு நடந்த பேச்சுதான் எனக்குப் பெரிய பாடம். ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை! அடுத்த சுற்று நியூயார்க்கா, வாஷிங்டனா? நியூயார்க் என்றால் சொந்த ஊரில் தொடக்கம், டிக்கெட் எத்தனைக்குக் கிடைக்கும், யாருடைய மைத்துனருக்கு அலுவலகத்தில் இருக்கை உண்டு. நண்பர் கைப்பேசியில் விடுப்புக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் ஒரு பையன் ஊர்வலம் எந்தத் தெரு வழியாக வரும் என்று தன் காதலியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பதினான்கு நிமிடம் மீதி இருந்தது. பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது மகள் ஒருத்திதான்.

"பின்னுக்குப் போறாங்கள்," என்றாள். யாரும் கேட்கவில்லை. "அப்பா, பின்னுக்குப் போறாங்கள். பக்கை வெளியில அடிச்சிட்டு நிக்கிறாங்கள், துரத்துறாங்கள் இல்லை."

ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியின் நோய் அது. கோல் போட வேண்டாம், வாங்காமல் இருந்தால் போதும் என்று எண்ணி எல்லோரும் தங்கள் கோல் பக்கம் ஒதுங்குவது. ஒதுங்க ஒதுங்க எதிரிக்கு இடம். இடம் கிடைத்தால் நேரம். அந்தப் பகுதியில் ஒன்பது நிமிடம் கடந்தபோது நேதன் ஹார்டன் ஒன்றைத் திருப்பினார். 4-2. சதுக்கத்தில் ஒரு கணம் அமைதி, பிறகு சமாதானம்: பரவாயில்லை, இரண்டு கோல் இருக்கிறது, பத்து நிமிடம்தான்.

இந்தக் கட்டத்தில் தந்திரமும் போய், பெயரும் போய், கடிகாரம் மட்டும் மிஞ்சுகிறது. எட்டு. ஆறரை. ஐந்து. முழுச் சதுக்கமும் நிமிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு நிமிடத்தில் செவிலியம்மா பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். மூன்று நிமிடத்தில் நண்பர் தொப்பியைத் திருப்பிப் போட்டார். பாஸ்டன் தன் கோல்கீப்பரை, அந்த "எங்கட பிள்ளை" ராஸ்க்கை, வெளியே அழைத்தது. திறந்து கிடந்த கோலைப் பார்த்து, "அடி! அடி!" என்று ஆயிரம் தொண்டைகள். பக் எட்டவே இல்லை.

1 நிமிடம் 22 விநாடி இருக்கும்போது மிலன் லூச்சிச். 4-3.

அடுத்த 31 விநாடிகளில் நான் கேட்ட ஒரே சொல் "கிளியர்". வெளியே அடி, வெளியே அடி. கெஞ்சல், உத்தரவு, ஏச்சு எல்லாம் அந்த ஒரே சொல்லில். திரையில் லீஃப்ஸ் கோல்கீப்பர் ஜேம்ஸ் ரைமருக்கு முன்னால் பாஸ்டன் தலைவர் ஸ்டேனோ சாரா வந்து நின்றார். ஆறடி ஒன்பது அங்குலம். சறுக்குக் காலணி போட்டால் ஏழடி. ரைமர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தார், வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். தூரத்திலிருந்து வந்த அடியை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அடித்தவர் பெர்ஜெரான். மீதி 51 விநாடி. 4-4.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியாயிற்றே.

கூடுதல் நேரத்துக்கு முன் இடைவேளை. வெளியேற்றச் சுற்றில் முதல் கோல் விழுகிற நிமிடமே ஆட்டம் முடிந்துவிடும். அந்த இடைவேளையில் விவரம் தெரிந்த ரசிகர்கள் அத்தனை பேரும் விவரத்தைக் கழற்றி வைத்தார்கள். 4-1 ஆனபோது நின்ற இடத்துக்கே திரும்பிப் போய் நின்றார்கள். பஞ்சாபி இளைஞரை மறுபடி பார்த்தேன். தாத்தாவுக்குப் போன் செய்து நாற்காலியை மாற்றி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர் நல்லூர்க் கந்தனுக்கு என்ன நேர்ந்துகொண்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆறு நிமிடம் ஆடினார்கள். ரைமர் தடுத்தது சிதறி வந்தது. பெர்ஜெரான். 5-4.

ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் மூன்று கோல் பின்தங்கிய ஓர் அணி திரும்பி வந்து ஜெயித்தது, இந்த இரண்டு அணிகளும் ஆடும் லீகின் வரலாற்றில் அதுதான் முதல்முறை. டொராண்டோவில் அன்றிலிருந்து "நாலுக்கு ஒன்று" என்றாலே போதும், மேலே விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு எல்லா ஊரும் அந்த எண்ணைச் சொல்லி அவர்களைக் கிண்டல் செய்தது. 2018, 2019, 2024 என்று அதே பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டங்களில் தோற்றார்கள். 2025-இல் ஃபுளோரிடாவிடம் சொந்த ஊரிலேயே ஏழாவது ஆட்டத்தில் 6-1. அன்றைக்கு கோல் அடித்த கெஸல் பிட்ஸ்பர்க்குக்குப் போய் 2016, 2017-இல் கோப்பை வென்றார், வேகாஸ் போய் 2023-இல் இன்னொன்று. காட்ரி 2022-இல் கொலராடோவுக்காக வென்று, கோப்பையைத் தன் ஊரான ஒண்டாரியோ லண்டனின் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். லீஃப்ஸிலிருந்து தப்பித்தால் கோப்பை நிச்சயம் என்பது நண்பரின் கட்சி. மிட்ச் மார்னர் லீஃப்ஸை விட்டு வேகாஸுக்குப் போன அன்று எனக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்தியில் அதுதான் இருந்தது, இரண்டே வார்த்தையில்.

அந்த 2013 இரவு திரும்பி வந்த ரயிலில் முதல் மூன்று நிலையம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "சாராவை யாராவது தள்ளியிருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். மடை திறந்தது.

தள்ள முடியாது, தள்ளினால் இரண்டு நிமிடத் தண்டனை. தண்டனை வாங்கினால் என்ன, தொலையட்டும், கோல் விழுந்ததே. அந்த உயரத்துக்கு நம்மிடம் ஒரு தடுப்பாட்டக்காரன் உண்டா? எப்படி இருப்பான், தேர்வு உரிமையைத்தான் கெஸலுக்குக் கொடுத்தாயிற்றே. அவர்கள் அதில் ஹாமில்டனை எடுத்தார்களே, ஆறடி ஐந்து அங்குலம். ஆக, 2009. கெஸல் இல்லாவிட்டால் மூன்றாவது கோல் யார் போட்டிருப்பார்? சரி, ராஸ்க்கை விற்றிருக்காவிட்டால் அந்த நாலும் ஒருபக்கம்... ஆக, 2006. அப்போது செவிலியம்மா, யங் நிலையத்தில் எங்களோடு வண்டி மாறி வந்தவர், "கெரி ஃப்ரேசர்" என்று ஒரு பெயரை மட்டும் சொன்னார். பெட்டி முழுக்க முனகியது.

1993 மே 27. அரையிறுதி ஆறாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸில், கூடுதல் நேரம். வேய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை லீஃப்ஸ் தலைவர்களில் ஒருவரான டக் கில்மோரின் தாடையில் பட்டு ரத்தம் வந்தது. தண்டனை கொடுத்திருந்தால் கிரெட்ஸ்கி வெளியே போயிருப்பார். நடுவர் ஃப்ரேசர் கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் கிரெட்ஸ்கியே கோல் அடித்தார். ஏழாவது ஆட்டத்தையும் லாஸ் ஏஞ்சலஸ் வென்றது. இருபது வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெட்டியில் நேற்றுத்தான் நடந்ததுபோல விசாரணை நடந்தது. அப்போது பிறந்திருக்காத நண்பரின் மகள் அரசுத் தரப்பு வழக்கறிஞர்.

எதிர் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், கையில் சுருட்டிய லீஃப்ஸ் கொடி. அவர் அதுவரை வாய் திறக்கவில்லை. "பிள்ளைகளா, பல்லார்டு காலத்தை நீங்கள் பார்க்கவில்லை" என்று தொடங்கினார். ஹெரால்டு பல்லார்டு 1972 முதல் 1990-இல் சாகும்வரை அணியின் முதலாளி. 1979 டிசம்பரில் ரசிகர்களின் செல்லப்பிள்ளை லேன்னி மெக்டொனால்டை விற்றார்கள். அணித் தலைவர் டாரில் சிட்லர் கொதித்துப்போய்த் தன் சட்டையிலிருந்த தலைமை எழுத்தைப் பிய்த்து எறிந்தார். "நான் கார்டன்ஸ் வாசலில் கோஷம் போட்டேன்" என்றார் பெரியவர். நண்பர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வேறு சங்கத்துக்குத் தாவியதுபோல.

கென்னடியில் இறங்கியும் பேச்சு இறங்கவில்லை. மேல்மாடியில் ஸ்கார்பரோ ஆர்.டி. ரயில் நிற்கிறது. பின்னாளில், 2023-இல், அந்தத் தடத்தையே மூடிவிட்டார்கள். "அப்பா, போகப்போகுது," என்றாள் மகள்.

"ஒரு நிமிசம் பொறு பிள்ளை. இவர் அறுபத்தேழைச் சொல்லி முடிக்கட்டும்."

அறுபத்தேழில் கடைசி நிமிடம் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. மாண்ட்ரியாலுக்கு எதிராக 2-1 முன்னிலை, 55 விநாடி மீதி, மாண்ட்ரியால் கோல்கீப்பரை வெளியே எடுத்தாயிற்று, இரு அணியிலும் ஒவ்வொருவர் போட்டியிட்டுப் பிடிக்க, பக்கை லீஃப்ஸ் பக்கத்து வட்டத்தில் போடப் போகிறார்கள். அன்றைக்கு வந்ததும் இதே நிலைமைதான். பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக் இளைஞர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கிழடுகளை இறக்கினார். பக்கைப் பிடிக்க அனுப்பியது 41 வயதுத் தடுப்பாட்டக்காரர் ஆலன் ஸ்டான்லியை. எதிரே ஜான் பெலிவோ, உலகத்திலேயே அந்த வேலையில் கெட்டிக்காரர்களில் ஒருவர்.

"வாயால் சொன்னால் விளங்காது" என்று பெரியவர் கொடிக்கம்பை மட்டையாகப் பிடித்து நடைமேடையில் குனிந்து நின்றார். நண்பரை ரெட் கெல்லியின் இடத்தில் நிறுத்தினார். செவிலியம்மா பாப் புல்ஃபோர்டு. மகளைத் தூரத்துக்கு அனுப்பினார். அவள் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங், காலி கோலுக்குள் பக்கை அனுப்பிக் கோப்பையை முடித்து வைக்கப்போகிறவர். என்னை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டு, நல்ல உயரம், பெலிவோவாக நில் என்றார். நானும் பெருமையோடு போய் நின்றேன். ஸ்டான்லி அன்றைக்குப் பக்கைப் பின்னால் தட்டிவிட்ட கையோடு பெலிவோவைத் தோளால் மோதி மறித்தார் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.